ரேஞ்சுக்கு வெளியே ஒரு எண்

ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு எண் நார்மல் ரேஞ்சைத் தாண்டி, தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் போதும், வாங்கிய கையோடு லேப் கவுன்டருக்குத் திரும்பி வந்து "இது ஆபத்தா?" என்று கேட்பார்கள். உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, அப்போது மனதில் ஓடுவது இசட் ஸ்கோர் கணக்கு. அளவிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டுவது திட்ட விலக்கம்; லேப்பில் அதை எஸ்.டி. என்போம். மணி வடிவத்தில் இருக்கும் இயல்நிலைப் பரவலில் சுமார் 95 சதவீதம் பேர் சராசரிக்கு இருபுறமும் 2 எஸ்.டி.க்குள் அடங்கிவிடுவார்கள்.

நார்மல் ரேஞ்ச் பெரும்பாலும் இப்படி வருவதுதான்: ஆரோக்கியமானவர்களை அளந்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் ரேஞ்சுக்கு வெளியேதான் இருப்பார். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட்களை ஒரே ஆளுக்கு எடுத்தால், ஒன்றாவது வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. அறிகுறி எதுவும் இல்லாமல் மொத்தமாக எல்லா டெஸ்ட்டும் எடுத்துக்கொண்டு வந்து பயப்படுகிறவர்களிடம் இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

எங்கள் கருவிக்கும் இதே கணக்குதான். காலையில் நோயாளிகளின் சாம்பிளுக்கு முன்னால் கன்ட்ரோலை, அதாவது எவ்வளவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சாம்பிளை, ஓட்டுவோம். குளுக்கோஸ் கன்ட்ரோலின் சராசரி 100, எஸ்.டி. 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 107 வந்தால் இசட் 2.33. இது எச்சரிக்கைதான், தற்செயலாகவும் வரும். அடுத்த ஓட்டத்திலும் 106.5 வந்தால் கதை வேறு. ஒரே பக்கம் அடுத்தடுத்து இரண்டு முறை 2 எஸ்.டி.யைத் தாண்டினால் லேப் தரக் கட்டுப்பாட்டுக்கான வெஸ்ட்கார்ட் விதிப்படி ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டு, ரீஏஜென்ட்டையும் (சோதனைக்கான ரசாயனம்) கேலிப்ரேஷனையும் (கருவியின் அளவுத் திருத்தம்) பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லா அளவும் மணி வடிவத்தில் பரவுவதில்லை. ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடுக்கு ஒரு குழுவில் சராசரி 130, எஸ்.டி. 80 வந்தால், 2 எஸ்.டி. கீழே போனால் மைனஸ் 30! ரத்தத்தில் அப்படி ஒரு அளவு இருக்கவே முடியாது. வலப்பக்கம் வால் நீண்ட பரவல் அது. லாகரிதம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மணி வடிவத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதன் பிறகு இசட் போடலாம்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் நான் மிகவும் கவனிக்கிற விஷயம். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் இரண்டு ஸ்கோர் வரும். இசட் ஸ்கோர் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது, டி ஸ்கோர் ஆரோக்கியமான இளம் வயதினரோடு. எழுபது வயதுப் பெண்மணிக்கு இசட் -0.4, டி -2.8 என்று வரலாம். வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது என்று முதல் எண் சொல்லும். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டி ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறையும் நோய்) என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1994 வரையறை. அந்த வயதில் பலருக்கும் எலும்பு தேய்ந்திருக்கிறது என்பதால் அவருடைய எலும்பு உறுதியாகிவிடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினுக்கு ரத்தத்தில் சராசரி 0.9 மி.கி./டெ.லி., எஸ்.டி. 0.15 என்றால் 0.7, 1.1 இரண்டுமே ரேஞ்சுக்குள்தான், இசட் -1.33, +1.33. தடித்த எழுத்தே வராது. ஆனால் ஒரே நோயாளிக்கு இரண்டு நாளில் 0.7 இலிருந்து 1.1 ஆக ஏறியிருந்தால், அது சிறுநீரகத்துக்குத் திடீர் பாதிப்பு என்று கருத வேண்டிய ஏற்றம். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே அந்த வரம்புக்குள் வந்துவிடும். அதனால்தான் வார்டு நோயாளியின் முடிவைச் சரிபார்க்கும்போது முந்தைய முடிவையும் திரையில் திறந்து வைத்துக்கொள்வேன். ஏறியிருந்தால், எண் நார்மலாகவே இருந்தாலும் சரி, டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சாம்பிளுக்குப் போவேன்.