45 மில்லி ஆம்பிலிருந்து 2 மைக்ரோ ஆம்ப் வரை: பேட்டரியில் ஓடும் வெப்பமானிப் பெட்டி

தண்ணீர்த் தொட்டிக்குள் வெப்பநிலை இரவும் பகலும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை குறித்து வைக்கும் ஒரு சின்னப் பெட்டி. வெளியிலிருந்து ஒயர் எதுவும் வரக் கூடாது, மூன்று ஏஏ பேட்டரியில் ஓட வேண்டும், வாரக்கணக்கில் அதைத் தொடாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேண்டும் என்று ஆரம்பித்தேன். எஃகுக் குழாயில் அடைத்து வரும் டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சாரை, நிரல் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் மாட்டி, டேட்டா ஒயருக்கும் பிளஸுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டதும் ஒரே மாலையில் அளவு வந்துவிட்டது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்புறம் பேட்டரி வரிசையில் மல்டிமீட்டரைச் சேர்த்துப் பார்த்தால் 45 மில்லி ஆம்ப். ஏஏ அல்கலைனுக்கு 2000 மில்லி ஆம்ப் மணி என்று கணக்குப் போட்டால் 44 மணி நேரம், இரண்டு நாள்கூட வராது. நிரலில் தூக்கம் சேர்த்தும் பெரிதாக இறங்கவில்லை. காரணம் எளிது: போர்டில் யுஎஸ்பிக்கான தனிச் சிப்பு இருக்கிறது, ரெகுலேட்டர் இருக்கிறது, எப்போதும் எரியும் எல்இடி இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் தூங்கினாலும் இவை தூங்குவதில்லை.

ஆகவே ஊனோவில் இருக்கும் அதே வகை மைக்ரோகன்ட்ரோலரான ஏடிமெகா328பி சிப்பு ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் ப்ரெட்போர்டில் வைத்தேன். 28 கால் கொண்ட டிப் வகை. 7ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் பிளஸ், 8க்கும் 22க்கும் கிரவுண்ட், 1ஆம் கால் ரீசெட்டை 10 கிலோ ஓம் வழியாக பிளஸுக்கு இழுத்துவிட்டு, பிளஸ் கால்களை ஒட்டியே ஆளுக்கொரு 100 நானோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர். 20ஆம் கால், வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கானதுதானே என்று விட்டுவிடக் கூடாது, அதையும் கட்டாயம் இணைக்க வேண்டும். ஊனோவையே ப்ரோகிராமராக வைத்து நிரலை ஏற்ற முயன்றபோது சிப்பு பதிலே சொல்லவில்லை. செத்த சிப்பு இல்லை. ஊனோவுக்கான பூட்லோடர் (நிரலை ஏற்றிக்கொள்ள உதவும் சின்ன நிரல்) ஏற்றி வந்த சிப்பு அது, அதன் ஃப்யூஸ் பிட்டுகள், அதாவது சிப்பின் அடிப்படை அமைப்புகள், கடிகாரத் துடிப்பு தரும் வெளியிலிருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை எதிர்பார்த்துக் காத்திருந்தன. ஒரு கிறிஸ்டலை 9, 10 கால்களில் தற்காலிகமாகச் செருகியதும் பேசியது. அப்போதே உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கு ஃப்யூஸை மாற்றிவிட்டு கிறிஸ்டலைப் பிடுங்கிவிட்டேன்.

இனி வந்ததுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இடம். தூக்கத்தில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க மீட்டரை 200 மைக்ரோ ஆம்ப் ரேஞ்சில் வைத்தேன். சிப்பு ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது, மீட்டரை எடுத்தால் ஒழுங்காக ஓடியது. இரண்டு மணி நேரம் நிரலில் தேடினேன், குற்றம் அங்கே இல்லை. அந்த ரேஞ்சில் என் மீட்டர் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தனக்குள் வைத்து, அதன் குறுக்கே விழும் வோல்டேஜைத்தான் அளக்கிறது. சிப்பு தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்ப் போனால் 10 மில்லி வோல்ட் விழும், அதனால் ஒன்றும் கெடாது. விழித்ததும் 4 மில்லி ஆம்ப் கேட்கிறது, அதே ரெசிஸ்டரில் 4 வோல்ட் விழ வேண்டும், பேட்டரியில் இருப்பதே 4.5தான். சிப்புக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ஜம்பர் ஒயரால் குறுக்கே இணைத்துவிட்டு, சிப்பு தூங்கியதும் ஜம்பரை எடுத்து அளவைப் பார்த்து, சிப்பு மறுபடி விழிக்க எடுக்கும் 8 விநாடிக்குள் திரும்பப் போட்டேன். கை கொஞ்சம் பழக வேண்டும், அதற்கப்புறம் இதைவிட எளிய வழி தேவைப்படவில்லை.

முதல் அளவு ரேஞ்சைத் தாண்டிவிட்டது. 2 மில்லி ஆம்புக்கு மாற்றினால் 0.33, அதாவது 330 மைக்ரோ ஆம்ப். தூங்கும் சிப்புக்கு இது மிக அதிகம். ஏடிசியை நிறுத்தாமலே தூங்க வைத்திருந்தேன். தூங்கும் முன் அதை அணைக்கும் ஒரு வரியைச் சேர்த்ததும் 28க்கு வந்தது. மீதியில் பெரும்பங்கு பிரவுன் அவுட் காவலுக்குப் போகிறது. வோல்டேஜ் குறைந்தால் சிப்பை நிறுத்தும் பாதுகாப்பு அது, ஊனோ சிப்பில் 2.7 வோல்ட்டில் வைத்து வரும். அதை ஃப்யூஸில் அணைத்ததும் 7 மைக்ரோ ஆம்ப். அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அங்கே நின்றிருக்கலாம். சென்சாரையும் மிச்சப்படுத்தலாமே என்று அதன் பிளஸை சிப்பின் ஒரு காலிலிருந்து கொடுத்து, அளக்கும்போது மட்டும் உயிர் கொடுத்தேன். மறுநாள் சிப்பின் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவு) இருந்த பதிவைத் திறந்தால் வரிசையாக 210, 210, 210. ஒரு அளவுக்கு ஒரு பைட் என்று வைத்திருந்தேன், வெப்பநிலையோடு 20ஐக் கூட்டி இரண்டால் பெருக்கிய எண், அரை டிகிரி துல்லியம். 210 என்றால் 85 டிகிரி. தொட்டியில் கொதிநீரா இருக்கிறது! டிஎஸ்18பி20 உயிர் பெற்றதும் முதல் அளவு முடியும்வரை 85 என்றுதான் சொல்லும். நான் 9 பிட் துல்லியம் கேட்டு வைத்திருந்தேன், அதற்கு 94 மில்லி விநாடி போதும் என்று 100 காத்திருந்தேன். ஆனால் அந்த அமைப்பை சென்சாரின் தற்காலிக நினைவில்தான் எழுதியிருந்தேன், அதன் ஈஈப்ராமுக்கு நகலெடுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பழைய 12 பிட்டுக்கே திரும்பியது, அதற்கு 750 மில்லி விநாடி வேண்டும். நகலெடுக்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்தால் தீரும். நான் அதைச் செய்யவில்லை. டேட்டாஷீட்டை மறுபடி படித்தபோது இந்தச் சென்சார் சும்மா இருக்கையில் எடுப்பதே 1 மைக்ரோ ஆம்புக்குள்தான் என்று தெரிந்தது. மிச்சப்படுத்த அங்கே ஒன்றுமே இல்லை, பழையபடி நேராக பேட்டரியில் இணைத்துவிட்டேன்.

நேரக் கணக்கு அடுத்த தலைவலி. சிப்புக்குள் இருக்கும் வாட்ச்டாக் டைமர் அதை 8 விநாடிக்கு ஒருமுறை எழுப்பும், 225 முறை எண்ணினால் அரைமணி. இரண்டு நாளில் 96 அளவு இருக்க வேண்டும், 93தான் இருந்தது. அந்த 8 விநாடி என்பது வாட்ச்டாக்கின் 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரில் 10,48,576 துடிப்பு, கணக்குப் போட்டால் 8.19 விநாடி. போதாக்குறைக்கு அந்த ஆசிலேட்டர் வெப்பநிலைக்கும் வோல்டேஜுக்கும் ஏற்ப நகரும். வெப்பநிலையைப் பதியும் பெட்டியில் வெப்பநிலையால் நேரம் கெடுவதை என்னால் விட முடியவில்லை. கைக்கடிகாரத்தில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டலை, காலியாக இருந்த அதே 9, 10 கால்களில் போட்டு சிப்பின் டைமர் 2ஐ ஓட்டினேன். 1024ஆல் வகுத்தால் விநாடிக்கு 32 எண்ணிக்கை, 256இல் நிரம்பும், சரியாக 8 விநாடி. ஒன்று கவனிக்க வேண்டும். விழித்த உடனே மறுபடி தூங்கப் போனால், கிறிஸ்டலின் ஒரு துடிப்பு முடிவதற்குள் சிப்பை எழுப்பும் அதே இன்டரப்ட் திரும்ப அடித்து எண்ணிக்கை கூடிவிடும். டைமரின் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரில் எழுதி, அந்த எழுத்து உள்ளே போய்ச் சேரும்வரை காத்திருந்து தூங்கினால் போதும். வாட்ச்டாக்கை அணைத்ததில் கரண்டும் இறங்கியது, சென்சாரோடு சேர்த்து 2 மைக்ரோ ஆம்ப் சொச்சம். இனி பேட்டரி தானாகவே வடிவதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும்.

நடுவில் நான்கு நாள் பதிவு போனது. நிரலைத் திருத்தி ஏற்றும்போது ப்ரோகிராமர் முதலில் சிப்பை அழிக்கிறது, கூடவே ஈஈப்ராமும் அழியும். அதைக் காப்பாற்ற தனி ஃப்யூஸ் பிட் ஒன்று இருக்கிறது, இப்போது போட்டுவிட்டேன்.

ஈஈப்ராமின் 1024 பைட்டில் 21 நாள் அடங்கும். இன்று காலை பார்த்தபோது 610ஆம் இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. நிரம்பும்வரை நிரலைத் தொடப்போவதில்லை. அடுத்த பெட்டியை ஒற்றை சிஆர்2032 காசு பேட்டரியில் ஓட்ட ஆசை. டிஎஸ்18பி20க்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும் என்பதால் அது ஒத்துவராது, 2.7 வோல்ட்டிலேயே ஓடும் எம்சிபி9808 வெப்பநிலைச் சென்சார் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.