ஐந்து நாள் பை

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் ரத்த வங்கி வேலையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. டெங்கு. அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, கேட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒரு வருடம், மகளுக்காகக் காத்திருந்த பெரியவர் கேட்டார்: “மழைக்கு முன்னாலேயே சேர்த்து வைத்திருக்கலாமே தாயி? நெல்லைச் சேர்த்து வைப்பதில்லையா?”

“இது ஐந்து நாளுக்கு மேல் தாங்காது அண்ணாச்சி” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைப்பதால் கிருமி பெருகும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சரிதான். ஆனால் உடலுக்குள்ளும் தட்டணு 7 முதல் 10 நாள்தானே வாழ்கிறது?

தட்டணுவுக்கு உட்கரு இல்லை. எலும்பு மஜ்ஜையின் பெரிய தாய்ச்செல் உதிர்க்கும் துணுக்கு அது. தாய் கொடுத்தனுப்பிய ஆர்என்ஏவை வைத்துக் கொஞ்சம் புரதம் செய்துகொள்ளும். மற்றபடி கட்டுச்சோறுதான் கடைசிவரை. அதற்குள்ளும் புரதத்தை அரைக்கும் எந்திரம் இயங்குகிறது என்று படித்தபோது வியந்துபோனேன். புரோட்டியசோம் என்று பெயர்; ஏழேழு துண்டுகளாலான நான்கு வளையங்கள் அடுக்கிய உருளை. கழிக்கவேண்டிய புரதத்தின்மேல் யுபிகுவிட்டின் ஒட்டப்படும், வெட்டப்போகும் பனைக்குச் சுண்ணாம்புக் குறி போடுவதைப்போல. இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

2007-ல் வெளியான ஓர் ஆய்வுதான் என்னை உலுக்கியது. செல்லைச் சாகடிக்கும் பேக் என்ற புரதத்தை பிசிஎல்-எக்ஸ்எல் என்ற இன்னொரு புரதம் அடக்கி வைத்திருக்கிறது. நாளாக ஆக பிசிஎல்-எக்ஸ்எல் சிதைந்து குறைகிறது. பிடி தளர்ந்ததும் பேக் எழுந்துகொள்கிறது. தேய்மானம் என்று நான் நினைத்திருந்தது உண்மையில் ஒரு நாழிகை வட்டில்.

அப்படியானால் அரைப்பதை நிறுத்திவிட்டால்? போர்டெசோமிப் அந்த எந்திரத்தை அடைக்கும் மருந்து. அதை எடுத்துக்கொள்ளும் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்று நோயாளிகளின் அறிக்கைகளை நானே பதிந்திருக்கிறேன்: ஊசி போடும் வாரங்களில் தட்டணு எண்ணிக்கை சரியும், ஓய்வு நாட்களில் ஏறும். தாய்ச்செல் தட்டணுக்களை உதிர்ப்பதற்கே புரதங்களை அரைத்தாகவேண்டியிருக்கிறது.

பையை விளக்குக்கு நேரே பிடித்து மெல்ல அசைத்தால், நலமான தட்டணுக்கள் இளமஞ்சள் திரவத்தில் பட்டுநூலாகச் சுழலும். தட்டு வடிவம் போய்விட்டால் வெறும் மங்கல்தான். போன கார்த்திகையில் ஓர் ஏபி பை ஐந்தாம் நாளும் ஆள் வராமல் கிடந்தது. நள்ளிரவில் கழிப்பதற்கு முன் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.