தாயின் பொருத்தனை: ரிசாலின் கலம்பாவும் ஆன்டிபோலோ மாதாவும்

பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் தேசிய வீரராகக் கொண்டாடும் ஹோசே ரிசால், ஒரு பொருத்தனையின் பேரில் பிறந்த பிள்ளை. 1861 ஜூன் 19, புதன்கிழமை, இரவு பதினோரு மணிக்கும் நள்ளிரவுக்கும் நடுவே, லகுனா மாகாணத்தின் கலம்பா ஊரில் அவருடைய தாய் தியோடோரா அலோன்சோவுக்குப் பிரசவம் ஆனது. பிள்ளையின் தலை பெரிது, தாயின் உயிருக்கே ஆபத்து. அந்த வேதனையில் அவர் ஆன்டிபோலோ என்ற மலையூரின் மாதாவிடம் நேர்ந்துகொண்டார்: பிழைத்தால் இந்தப் பிள்ளையை உன் சந்நிதிக்கு யாத்திரையாகக் கொண்டுவருகிறேன். இதை ரிசாலே தன் மாணவப் பருவக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பொருத்தனை இல்லையென்றால் அம்மா இறந்திருப்பார் என்பது அவருடைய நம்பிக்கை.

மணிலாவில் ரிசாலைப் பார்க்க எல்லோரும் போவது லுனேட்டா பூங்காவுக்கு. 1896 டிசம்பர் 30 அன்று அவரை ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்ற இடம் அது. எனக்கு என்னவோ அவருடைய முடிவைவிட ஆரம்பத்தைப் பார்க்கத்தான் ஆசை. அதனால் தாய் நேர்ந்துகொண்ட ஊரிலிருந்து புறப்பட்டு, நேர்த்திக்கடன் செலுத்திய ஊரில் முடிப்பது என்று கிளம்பினேன்.

மணிலாவிலிருந்து கலம்பா தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ் இருக்கிறது, நெரிசலைப் பொறுத்து நேரம் ஆகும். ஊர் நடுவில் புனித திருமுழுக்கு யோவான் ஆலயம். பிறந்த மூன்றாம் நாள், ஜூன் 22 அன்று, குழந்தைக்கு இங்கேதான் ஞானஸ்நானம். கொடுத்தவர் ருபினோ கொலாந்தெஸ் என்ற குரு. ஞானத்தந்தையாக நின்றவரும் ஒரு குருதான், குடும்ப நண்பர் பெத்ரோ கசானாஸ். அடுத்த வருடமே ஆலயம் தீப்பிடித்தது. ஆனால் ஞானஸ்நானத் தொட்டி தப்பித்துவிட்டது, இன்றும் ஆலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கல் தொட்டி, அலங்காரம் ஒன்றும் பெரிதாக இல்லை. அதன் பக்கத்தில் நின்று ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொன்னேன். அந்தத் தாய்க்காகத்தான் சொல்லத் தோன்றியது.

ஆலயத்துக்கு மிக அருகில் ரிசாலின் வீடு. கீழே கல், மேலே மரம், ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பித் தகடுகள். பழைய வீடு போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் காசு திரட்டி, கட்டடக் கலைஞர் ஹுவான் நக்பில் மேற்பார்வையில் 1950-இல் திரும்பக் கட்டியது இது. 2009-இல் பச்சைச் சாயம் அடித்தபோது ஊரில் ஒரே சர்ச்சையாம். பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்துப் பழைய கிணறு இன்னும் இருக்கிறது. ரிசாலின் பெற்றோரின் கல்லறையும் இதே வளாகத்தில்தான்.

குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தந்தை பிரான்சிஸ்கோ மெர்காடோ பக்கத்து ஊரான பின்யானைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோர் டொமிங்கோ லாம்-கோ சீனாவின் பூஜியன் பகுதியிலிருந்து வந்து, 1697-இல் மணிலாவில் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கர் ஆனவர். பின்யானில் குடியேறி, மெர்காடோ என்ற பெயரை வைத்துக்கொண்டார். பிற்பாடு 1849-இல் அரசாங்கம் குடும்பப் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது வந்து ஒட்டிக்கொண்டதுதான் ரிசால். தியோடோரா மணிலாவில் சாந்தா ரோசா கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அது பெரிய படிப்பு. இருவருக்கும் 1848-இல் திருமணம். பதினொரு பிள்ளைகள், ஆண்கள் இருவர்தான்: அண்ணன் பசியானோ, ஏழாவதாக ஹோசே. மற்ற ஒன்பது பேரும் பெண்கள்.

வசதியான குடும்பம்தான். நெல், கரும்பு, குதிரை வண்டி, ஆயிரம் நூல்களுக்கு மேல் கொண்ட நூலகம் எல்லாம் உண்டு. ஆனால் பயிர் செய்த நிலம் அவர்களுடையது அல்ல. கலம்பா முழுவதும் தொமினிக்கன் சபைத் துறவிகளின் பண்ணை, இவர்கள் குத்தகைதாரர்கள். அதே துறவிகளோடுதான் பின்னாளில் நிலத் தகராறு வந்து, குடும்பத்தை வீட்டைவிட்டே வெளியேற்றினார்கள். ஒரு பக்கம் ஞானத்தந்தையே குருவாக இருந்த வீடு, இன்னொரு பக்கம் துறவிகளுக்குக் குத்தகை கட்டிய வீடு. ரிசால் பிற்காலத்தில் துறவிகளை அவ்வளவு கடுமையாகத் தாக்கி எழுதியதை நாத்திகம் என்று ஒரு வரியில் தள்ளிவிடுபவர்கள் கலம்பாவுக்கு வந்து பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் அவர் பக்திப் பிள்ளை. மூன்று வயதிலேயே வீட்டாரோடு மாலை ஜெபத்தில் உட்கார்வாராம். ஜெபமாலை முடிந்ததும் நிலா வெளிச்சத்தில் ஆயா பேய்க்கதை, புதையல் கதை சொல்வார், சாப்பிட அடம்பிடித்தால் பயமுறுத்தவும் செய்வார். எழுத்து சொல்லிக்கொடுத்தது அம்மா. ஊர்ப் பங்குத்தந்தை லியோன்சியோ லோப்பெஸ் நல்ல படிப்பாளி. அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே பையன் பங்கு வீட்டுக்குப் போய்விடுவான். அவருக்கு நாலு வயது இருக்கும்போது தங்கை கொன்செப்சியோன் இறந்துபோனாள். மூன்றே வயதுக் குழந்தை. வாழ்க்கையில் தான் முதன்முதலாகத் துக்கத்தில் அழுதது அப்போதுதான் என்று பிறகு எழுதினார்.

இதே கலம்பாவில் ரிசாலையே தெய்வமாக வணங்கும் சபை ஒன்றும் இயங்குகிறது. உயிரோடு இருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

சரி, பொருத்தனைக்கு வருவோம். அது நிறைவேற ஏறக்குறைய ஏழு வருடம் ஆனது. 1868 ஜூன் 6 அன்று தந்தையும் மகனும் கலம்பாவிலிருந்து படகேறினார்கள். நேர்ந்துகொண்ட தாயால் போக முடியவில்லை, அப்போதுதான் தங்கை திரினிதாத் பிறந்திருந்தாள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இருபத்தெட்டு வருடம் கழித்து, மரண தண்டனைக்கு முந்தின நாள், ரிசால் தன் கடைசிக் கவிதையை ஒளித்து வைத்திருந்த சின்ன அடுப்பைச் சிறையில் கொடுத்துவிட்டது இந்தத் திரினிதாத்திடம்தான். உள்ளே ஏதோ இருக்கிறது என்று காவலர்களுக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னாராம்.

லகுனா ஏரியைக் கடப்பது சிறுவன் ரிசாலுக்கு அதுதான் முதல் முறை. தூங்கவில்லை. படகோரத்தில் உட்கார்ந்து இரவு முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூங்கிலில் ஒரு தண்ணீர்ப் பாம்பு சுற்றிக்கொண்டதைப் பார்த்து நடுங்கியதையும், விடியலில் சூரியன் ஏரிமேல் எழுந்ததைப் பார்த்துப் பூரித்ததையும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து யாத்திரிகர்கள் ஏரிக்கரையில் இறங்கி, நடந்தோ ஆட்கள் சுமக்கும் தூளியில் படுத்தோ மலையேறுவார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மணிலாவிலிருந்து மின்ரயில், அப்புறம் ஜீப்னி என்கிற பொதுவண்டி, கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டார்கள்.

ஆன்டிபோலோ மாதாவின் முழுப்பெயர் அமைதியின், நல்ல பயணத்தின் அன்னை. கருத்த மரச் சுரூபம். 1626-இல் ஆளுநர் ஹுவான் நின்யோ தே தபோரா மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. பிறகும் பல முறை பசிபிக் கடலைக் கடக்கும் கப்பல்களில் காவலாகப் போய்வந்திருக்கிறது. கோயிலில் வைத்தால் காணாமல் போய்த் திப்போலோ மரத்தின் மேல் நிற்பாள், அந்த மரத்திலேயே அவளுக்குப் பீடம் செய்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சிறுவன் ரிசால் மண்டியிட்ட ஆலயம் 1945-இல் குண்டுவீச்சில் அழிந்தது. சுரூபத்தை மட்டும் பக்தர்கள் முன்னதாகவே தூக்கிக்கொண்டு மலைவழியே தப்பினார்கள். கடைசியில் மணிலாவின் கியாப்போ கோயிலில் வைத்திருந்து, போர் முடிந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போதைய குவிமாட ஆலயம் 1954-இல் கட்டி முடித்தது. 2024 ஜனவரியில் சர்வதேசத் திருத்தலமாக முறைப்படி அறிவித்தார்கள்.

நான் போனபோது திருப்பலி நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள், வழியனுப்ப வந்த அம்மாக்கள், வாசலில் மந்திரிக்க நிற்கும் புதுக் கார்கள். பயணம் என்றால் இங்கே வராமல் யாரும் கிளம்புவதில்லை போலிருக்கிறது. திருப்பலி முடிந்ததும் பீடத்துக்குப் பின்புறம் படியேறி, மாதாவின் அங்கியைத் தொடும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தகப்பன், தோளில் பையன். பையனுக்கு வரிசை பிடிக்கவில்லை, தகப்பனின் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். என் முறை வந்தபோது கேட்க வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அங்கியைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு இறங்கினேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மே மாதம் யாத்திரைக் காலம், கூட்டம் தாங்காது. பெரிய வியாழன் இரவில் மணிலாவிலிருந்து லட்சக்கணக்கானோர் நடந்தே வருகிறார்கள். நிதானமாக ஜெபிக்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கோயிலுக்கு வெளியே சுமான் விற்கிறார்கள். இலையில் சுற்றி வேகவைத்த பசையரிசிப் பண்டம், முந்திரிப்பருப்போடு வாங்கிக்கொள்ளலாம்.

பிரான்சிஸ்கோவும் மகனும் நேர்த்திக்கடன் முடித்த கையோடு ஊர் திரும்பிவிடவில்லை. மணிலாவுக்குப் போய், சாந்தா அனாவில் கொன்கோர்தியா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூத்தவள் சதுர்னினாவைப் பார்த்துவிட்டுத்தான் கலம்பாவுக்குத் திரும்பினார்கள்.