ஆமை வாரம்

இந்த வாரம் எங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துல தலைப்பு ஆமை. மாணவிக்கு மூணே முக்கால் வயசு. பாடத்தைக் கலைக்கிறது எட்டு மாசத் தம்பி.

பங்குனி ஆமைங்கிற கடல் ஆமை ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை போடும். அதை எண்ணிக் காட்டலாம்னு கொண்டைக்கடலை எடுத்தேன். தம்பி தவழ்ந்து வந்த வேகத்தைப் பார்த்ததும் கடலை திரும்ப டப்பாவுக்குள்ள. தொண்டையில சிக்கினா அவ்வளவுதான். அதனால எங்க வகுப்பு நேரமே இப்போ தூளி நேரம். ஒரு கையால ஆட்டிக்கிட்டே இன்னொரு கையால கடலையை வரிசையா வைக்கிறேன். இவ இருபத்தொம்பது வரைக்கும் கடகடன்னு வந்துட்டு "இருபத்திபத்து"ன்னு நிக்கிறா. திருத்த மனசு வரல.

முட்டை புதைஞ்சிருக்கிற மண்ணு சூடா இருந்தா பொண்ணு ஆமை, கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தா ஆண் ஆமைன்னு சொன்னேன். உடனே, "அப்போ தம்பி ஏசில பொறந்தானாம்மா?"

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் ஒண்ணும் நடக்கல. தம்பிக்குச் சளி. ("பேசாம ஸ்கூல்ல போட்டுடேன்"னு மாமியார். கேக்காத மாதிரி இருந்துட்டேன்.)

நேத்து சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை. குழி தோண்டி, கூழாங்கல்லை முட்டையா வச்சு மூடினா. முட்டை பொரிய ஒன்றரை மாசத்துக்கு மேல ஆகும்னு சொன்னேன். "சரி, இங்கயே இருப்போம்"னு உக்காந்துட்டா. தம்பி அதுக்குள்ள ஒரு வாய் மண்ணு தின்னு முடிச்சிருந்தான்.

அடுத்த வாரம் தலைப்பு மழைன்னு நினைச்சிருந்தேன். அவ இன்னும் ஆமையை விடுறதா இல்ல.