கோதுமையை நிறுத்துவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

உடம்பு முழுக்க வலி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அசதி. வயிற்றில் உப்புசம், ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. எதையோ எடுக்க உள்ளே போய், என்ன எடுக்க வந்தோம் என்று மறந்து நிற்பது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்கள் சொல்வது இதுதான். சீலியாக் நோய் உள்ள பலரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் ஒன்றின் நிழலில் இன்னொன்று பல வருடங்கள் ஒளிந்துகொள்ள முடிகிறது.

உள்ளே நடப்பது வேறு வேறு. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக எழும் நோய் எதிர்ப்பு சக்தி சிறுகுடலின் உறிஞ்சிகளையே அரித்துவிடுவது சீலியாக். ஃபைப்ரோமயால்ஜியாவில் தசையோ மூட்டோ சிதைவதில்லை. நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. வலி பொய்யில்லை, ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான்.

பலர் தவறுவது இங்கேதான். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்துகிறார்கள், கொஞ்சம் தேவலை என்றதும் பரிசோதனைக்குப் போகிறார்கள். க்ளூட்டன் நின்றால் ரத்தத்தில் அதற்கு எதிராக உருவான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். சீலியாக் இருந்தாலும் ரிப்போர்ட்டில் 'இல்லை' என்றே வரலாம். தேவலையானதும் ஆதாரமாகாது. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் உண்டு. ஃபைப்ரோமயால்ஜியாவோடு அடிக்கடி சேர்ந்து வரும் ஐபிஎஸ் (எரிச்சல் குடல்) கோளாறில் உப்புசத்தைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான்.

எனவே வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டே முதலில் சீலியாக் ஆன்டிபாடியைத் தேடும் டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ (ஆன்டிபாடியில் ஒரு வகை) அளவு. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். சீலியாக் உள்ளவர்களில் 100-க்கு 2, 3 பேருக்கு ஐஜிஏவே சுரப்பதில்லை. அவர்களுக்கு முதல் சோதனை எப்போதும் நார்மலாகத்தான் வரும். அப்படியானால் ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைப் பார்க்கும் சோதனை வேண்டும். ரத்தத்தில் தெரிந்தால் எண்டோஸ்கோப்பி. பயாப்ஸிக்கு (திசுச் சோதனைக்கு) சிறுகுடலின் முதல் பாகமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 4 துண்டுகளும், அதன் தொடக்கத்தில் 1 அல்லது 2 துண்டுகளும் எடுக்க வேண்டும். பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே துண்டு எடுத்தால் நல்ல இடம் மாட்டிவிடலாம்.

ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனை உதவும், அது உணவால் மாறாது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லையென்றே கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். இருந்தால் மட்டும் நோய் என்று அர்த்தமில்லை, நோயே இல்லாத ஏராளமானோருக்கும் அது உண்டு. அப்போது மருத்துவர் மேற்பார்வையில் தினம் 3 கிராம் க்ளூட்டனாவது, அதாவது ஒன்றரை, இரண்டு துண்டு கோதுமை ரொட்டி, குறைந்தது 2 வாரம், முடிந்தால் 6 முதல் 8 வாரம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

வலியிலேயே ஒரு துப்பு உண்டு. தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். ஃபைப்ரோமயால்ஜியாவில் வலிக்கும், ஆனால் எழ முடியும். தொடையில் பலமே இல்லாமல் எழ முடியவில்லை, முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பை அழுத்தினால் வலி உயிர் போகிறது என்றால், வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ் பாருங்கள். குடல் உறிஞ்சாததால் எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம். மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பின் அளவு) ஏறாவிட்டால் அதுவும் சீலியாக்கை நோக்கிக் கை காட்டுகிறது. பாதம் எரிந்தால் பி12, அசதிக்கு டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு சோதனை. சீலியாக்கோடு தைராய்டு கோளாறும் அடிக்கடி சேர்ந்தே வரும்.

ஒன்று உறுதியானதும் மற்றதை அடித்துவிடக் கூடாது. 2016-ல் திருத்திய ஃபைப்ரோமயால்ஜியா வரையறை, வேறு நோய் இருந்தாலும் இது செல்லும் என்று தெளிவாகவே சொல்கிறது: உடலின் 5 பகுதிகளில் குறைந்தது 4-ல் வலி, 3 மாதம் நீடித்த தொல்லை, 19 இடங்களில் 7 அல்லது அதற்கு மேல் வலித்தால் தீவிர மதிப்பெண் (அசதி, தூக்கம், மறதி போன்ற தொல்லைகளுக்கானது) குறைந்தது 5, வலி 4 முதல் 6 இடங்களில் என்றால் குறைந்தது 9. பழைய 18 புள்ளி அழுத்தும் முறை இப்போது கட்டாயமில்லை.

சீலியாக் உறுதியானால் க்ளூட்டன் ஆயுளுக்கும் கிடையாது. எவ்வளவு நுணுக்கம் என்றால், ஒரு ரொட்டித் துண்டை 40 துணுக்காக்கினால் ஒரு துணுக்கில் சுமார் 50 மில்லிகிராம் க்ளூட்டன் இருக்கும். தினமும் அவ்வளவு போனாலே மூன்று மாதத்தில் குடல் கெடுகிறது. 'க்ளூட்டன் இல்லாதது' என்ற சர்வதேச அளவோ கிலோவுக்கு 20 மில்லிகிராம். டோஸ்டர், மாவு சலித்த சல்லடை, வெண்ணெய் டப்பாவில் உதிர்ந்த துகள், சோயா சாஸ் எல்லாம் கணக்கில் வரும். வயிறு சில வாரங்களில் அடங்கலாம். பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற 2 வருடம்கூட ஆகும்.

டிடிஜி நார்மலாகி, இரும்பும் வைட்டமின் டியும் நிரம்பி, அதன் பிறகும் உடம்பு வலித்தால், உணவில் இன்னொன்றைக் கழிக்காதீர்கள். பாலையும் தக்காளியையும் கைவிட்டு இளைத்துப்போனதுதான் மிச்சமாகும். அது ஃபைப்ரோமயால்ஜியாவின் பங்கு, அதற்குரிய சிகிச்சையைத் தொடங்குங்கள்: தினம் 5, 10 நிமிட நடையில் ஆரம்பித்து மெல்லக் கூட்டும் உடற்பயிற்சி, தூக்கத்தைச் சீராக்குவது, தேவைப்பட்டால் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின். அந்த மாத்திரை மலச்சிக்கல் தரும். சீலியாக் திரும்பிவிட்டது என்று பதறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.