தாமதமாக வருகிறவர்கள்

தமிழ்நாட்டில் நூறு பிரசவம் நடந்தால் ஏறக்குறைய நூறுமே மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு 99.6 விழுக்காடு என்கிறது. இந்திய அளவில் அது 88.6. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு நாடு முழுக்க 97, இங்கே 54. கிராம சுகாதார செவிலியராக இந்த எண்களுக்குள் என் உழைப்பும் இருக்கிறது என்ற பெருமை எனக்கு உண்டு. ஆனால் மகப்பேற்றுக் கவனிப்பில் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிட்டது என்று கூட்டங்களில் யாராவது பேசும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. முன்பு ‘வந்தாளா, வரவில்லையா’ என்பதில் அது தெரிந்தது. இப்போது எத்தனையாவது மாதத்தில் வருகிறாள், வருவதற்கு எதை இழக்கிறாள், வந்த இடத்தில் அவளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

சர்க்கரைப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். கர்ப்ப காலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க எளிய, நல்ல முறை, செலவில்லை. பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டு மருமகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்கும் நேரம். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. நடவில் காலையில் வயலில் இறங்கினால்தான் கணக்கு. பத்து மணிக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றால் சேர்க்கமாட்டார்கள். இதே பரிசோதனையைக் கர்ப்ப காலத்தில் ஒரு முறைக்கு மேல் செய்யச் சொல்கிறோம். ஸ்கேனுக்குத் தாலுகா ஆஸ்பத்திரி போக வேண்டும். அங்கே டோக்கன், வரிசை, அடுத்த பஸ். ரத்தம் கம்மி என்றால் இரும்புச்சத்து ஊசியை டிரிப்ஸில் ஏற்ற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பலமுறை வரச் சொல்வோம். எல்லாமே இலவசம். ஆனால் அந்த இலவசத்துக்கு அவள் கொடுக்கும் விலை எந்த ரசீதிலும் வராது.

“மாத்திரை குடுத்துட்டுப் போயிடுங்க நர்சம்மா, ரத்தம் எடுக்கிறத அறுப்பு முடிஞ்சதும் பாத்துக்கலாம்” என்று ஒரு பெண் என்னிடம் கெஞ்சியிருக்கிறாள். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம். அறுப்பு முடியும்போது எட்டாவது மாதம் பிறந்திருக்கும். இதை அலட்சியம் என்று எழுதுவது சுலபம். அவள் கணக்குப் போட்டுத்தான் பேசினாள், அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. வேலைக்குப் போகாத நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம்.

இதே மாநிலத்தில் அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. தனியார் நிறுவனங்களில் 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். இரண்டும் நியாயமான உரிமைகள், போராடி வாங்கியவை. வயலில் நிற்கிறவளுக்கு விடுப்பு என்று ஒன்றே கிடையாது. அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 2018 முதல் அது 18,000 ரூபாய். ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து, தவணை தவணையாக. அந்தப் பணம் எத்தனை வீடுகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு இனிஷியல் என்றால் தவணை நின்றுபோகும். அதைச் சரிசெய்ய இன்னொரு நாள் கூலி. பதிவில் இருக்கும் போன் எண்ணோ கணவனுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். தவணை சீக்கிரம் வந்து சேர்வது, அது வராவிட்டாலும் சமாளித்துவிடக்கூடிய வீடுகளுக்குத்தான்.

1971இல் வேல்ஸில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நல்ல மருத்துவக் கவனிப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் வேலை பார்த்தவர் அவர். பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பக்கத்துத் தெருக்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

தெருக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல கிராமங்களில் துணை சுகாதார நிலையம் ஊருக்குள் இருக்கும். தலித் மக்கள் வாழும் பகுதி வயலைத் தாண்டி, சில இடங்களில் ஏரிக்கரையைத் தாண்டி இருக்கும். கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளை ஊர் அங்கன்வாடியில் வைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கடைசியில் வந்து, வாசலோரம் நின்று, சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கேட்க வந்த சந்தேகத்தைக் கேட்கமாட்டார்கள். ஒரு கிராமத்தில் அந்த நாளை அவர்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். அங்கே பெண்கள் பாயில் சாய்ந்து உட்கார்ந்து, கால் வீக்கம், தூக்கமின்மை, மாமியார் தொல்லை எல்லாம் பேசினார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. “நீங்க நம்ம வீட்டுப் பக்கமா வந்து பாத்துட்டுப் போயிடுங்க மேடம்” என்று எனக்குப் போன் மட்டும் வந்தது. ஒரே தூரம்தான். தலித் பெண்கள் ஊருக்குள் வராவிட்டால் ஒழுங்காக வருவதில்லை என்று பேச்சு. ஊர்ப் பெண்கள் அந்தப் பகுதிக்கு வராவிட்டால் செவிலியர் வீட்டுக்கே போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. என் வேலைக் காலத்தில் என்னை மிகவும் கோபப்படுத்தியவற்றில் இதுவும் ஒன்று.

ஆம்புலன்ஸ் விஷயத்திலும் இதே கதை. 2008இல் 108 வந்த பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் வண்டி தார் ரோடு வரைக்கும்தான் வரும். தார் ரோடு யார் வீட்டு வாசல் வரை போடப்பட்டது என்பது பல வருஷங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. மலைக் கிராமங்களில் இன்னும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் எங்களுக்கு இன்னொரு கவலை. பொங்கல் முடிந்ததும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். கர்ப்பத்தைப் பதிவுசெய்து கொடுக்கும் பிக்மி எண் இங்கே, பெண் அங்கே. சூளை இருக்கும் ஊரின் செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. கிளம்புவதற்கு முன்னால் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் ரத்த அளவு, பிரஷர், எந்த மாதத்தில் எங்கே காட்ட வேண்டும் என்பதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். மேஸ்திரியின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வேன். எடுக்கமாட்டார்தான், திரும்பத் திரும்ப அடித்தால் எடுப்பார்.

ஆனால் எனக்கு அதிகம் தூக்கம் கெடுவது ஒளிந்துகொள்கிறவர்களை நினைத்து. மூன்றாவது கர்ப்பம் என்றால் நிதியுதவி கிடையாது. திட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்கவும் வேண்டும். சிறுவயதுத் திருமணத்தையும் பெரிய குடும்பத்தையும் தடுக்கும் நோக்கம் புரிகிறது. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், மருத்துவரீதியாக அதிக ஆபத்தில் இருக்கும் இரண்டு கூட்டத்தாரும் வெளியே நிற்கிறார்கள். மூன்றாவதைச் சுமப்பவளுக்குப் பணமும் இல்லை, வந்தால் திட்டு மட்டும் உண்டு. “ரெண்டு பொண்ணு இருக்கு, ஆம்பளப் புள்ள வேணும்னு வீட்ல விடல நர்சம்மா, ஏன் வந்தேன்னு நீங்களும் கேட்டுராதீங்க” என்று ஒருத்தி சேலை முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளை பெறுவதில் அவளுக்கு வீட்டில் உரிமை இல்லை. அதற்கான தண்டனையை மட்டும் அவள் பெயரில் எழுதுகிறோம்.

பதினெட்டு நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைத் திருமணத்துக்கு எதிராக நான் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறவள். அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் போலீஸ் பயத்தில் அந்தப் பிள்ளையை ஏழெட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பிரஷர் ஏறினாலும் தெரியாது, ரத்தம் குறைந்தாலும் தெரியாது. வலி வந்த பிறகுதான் எங்களுக்கு முகம் தெரிகிறது. அவளுக்கு மருத்துவமும் வழக்கும் ஒரே வாசலில் நிற்கக் கூடாது. கவனிப்புக்கு என்று அச்சமில்லாத தனி வழி ஒன்று அவளுக்கு வேண்டும்.

பிரசவ அறைப் பேச்சைப் பற்றியும் எழுதுகிறேன், பலருக்குச் சங்கடமாக இருந்தாலும். ஒரு மருத்துவமனையில் வலியில் கத்திய பெண்ணிடம் சொல்லப்பட்ட வார்த்தைகளை அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். அவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை. படித்த, தெரிந்தவர் துணையோடு வருகிற பெண்ணிடம் அப்படிப் பேசுவதில்லை. இதன் விளைவு வெறும் மனவருத்தம் இல்லை. அடுத்த பிரசவத்தில் அவள் வலி வந்தும் வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். “சீக்கிரம் போனா அவ்ளோ நேரம் பேச்சு கேக்கணும்” என்றாள். தாமதம் என்று பதிவேட்டில் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் விஷயம் இது.

வசதி உள்ள பக்கத்திலும் எல்லாம் நலம் என்று சொல்ல வரவில்லை. அதே 2019-21 ஆய்வில், தமிழகத்தின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. ஒரு பக்கம் தேவைக்கு மேல் கத்தி, இன்னொரு பக்கம் தேவையான நேரத்தில் ஒரு ஸ்கேன்கூட இல்லை.

மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் தாமதப் பதிவுக்குக் காரணம் கேட்பார்கள். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுவதுதான் பழக்கம். நான் அப்படி எழுதுவதை நிறுத்திவிட்டேன். நடவுக் கூலி, வங்கிப் பெயர் குழப்பம், சூளை, மூன்றாவது கர்ப்பம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எங்கள் மருத்துவ அலுவலர் அதைப் படித்துவிட்டு, நடவு மாதங்களில் சர்க்கரைப் பரிசோதனையை விடியற்காலையில் அங்கன்வாடியிலேயே வைக்க ஒப்புக்கொண்டார். குளுக்கோஸைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் சமைத்து வைத்து வருவார்கள், ரத்தம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போவார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர்கள் பலர் வந்தார்கள். சர்க்கரை இருந்தவர்களை நேரத்தோடு அனுப்ப முடிந்தது. நேரத்தை மாற்றுவது என் அளவில் முடிந்தது. மூன்றாவது கர்ப்பத்துக்கு நிதி இல்லை என்ற விதி என் அளவில் இல்லை. அதை மாற்றச் சொல்லி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.