ஷட்டர் பாதி இறக்கி வச்ச வருஷம்

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு வருஷத்துல ரெண்டு தீபாவளி. பத்தாவது ரிசல்ட் அன்னைக்கு ஒண்ணு, பன்னெண்டாவது ரிசல்ட் அன்னைக்கு ஒண்ணு. அதுல இருந்து ஜூன் கடைசி வரைக்கும் மார்க் ஷீட்டு, டிசி, ஜாதி சர்டிபிகேட், ஆதார், பேங்க் பாஸ்புக் மொத பக்கம்னு ஆளுக்கு அஞ்சு செட்டு பத்து செட்டு எடுப்பாங்க, லேமினேஷன் மெஷின் சூடு ஆறவே ஆறாது. அந்த ரெண்டு மூணு மாசத்துல வர்றத வச்சுதான் மிச்ச மாசத்த ஓட்டணும். கரிசக்காட்டு சம்சாரி மாதிரிதான் நாங்களும், அவங்களுக்கு மழை, எங்களுக்கு பள்ளிக்கூடம்.

2020ல மழை வரல.

எனக்கு கோவில்பட்டி. கடை ஒரு ஸ்கூலுக்கு எதிர்த்தாப்ல, பத்துக்கு எட்டு ரூம், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்ளோதான். அந்த மார்ச் மாசம் ஒரு டியூஷன் மாஸ்டர் பத்தாவது பிள்ளைகளுக்கு முக்கிய வினாக்கள் 60 செட்டு போடச் சொல்லியிருந்தார், ஒரு செட்டு 84 பக்கம், பக்கம் 60 பைசான்னு பேசி 500 ரூபா அட்வான்ஸ் குடுத்தார். 27ஆம் தேதி பரீட்சை ஆரம்பம், அதனால ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து எடுத்து ஸ்டேப்ளர் அடிச்சு அடுக்கி வச்சேன். கொரோனான்னு பரீட்சைய தள்ளி வச்சாங்க. சரி எப்படியும் நடக்கும்லனு இருந்தோம், அப்புறம் ஜூன் 1ன்னாங்க, அப்புறம் ஜூன் 15ன்னாங்க, ஜூன் 9ஆம் தேதி பரீட்சையே கிடையாது எல்லாரும் பாஸுன்னுட்டாங்க. 60 செட்டும் அப்படியே ரேக்குல. மாஸ்டர் மேல கோவப்படவும் முடியல, அவரு வேலை பாத்த பிரைவேட் ஸ்கூல்ல ஏப்ரல்ல இருந்தே சம்பளம் இல்லையாம்.

மார்ச் 24 நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்குதான் பன்னெண்டாவதுக்கு கடைசி பரீட்சை. மத்தியானம் பிள்ளைக வெளிய வந்து சட்டைல மை அடிச்சு வெளாடுச்சுக. சாயங்காலம் ஆறு மணிக்கு 144ன்னு ஜீப்புல சொல்லிட்டுப் போனாங்க, நான் ஷட்டர பாதி இறக்கிட்டு ஒரு வீட்டுப் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு டிவில 21 நாள் ஊரடங்குன்னு சொன்னப்ப எங்க வீட்டம்மா கேட்ட மொத கேள்வி, "சனிக்கிழம சம்பளம் போடுவாங்களா?" அவ தீப்பெட்டி ஆபீஸ்ல பேக்கிங் பாக்குறா. வெளியூர்க்காரங்களுக்கு ஃபேக்டரி, எங்க ஊர்ல அது தீப்பெட்டி ஆபீஸ்தான். அந்த சனிக்கிழம சம்பளம் போட்டாங்க, அடுத்த சனிக்கிழம ஆபீஸே இல்ல.

அப்ப கணக்கு இதான். கடை வாடகை 3,500, வீட்டு வாடகை 3,000, ஜெராக்ஸ் மெஷினுக்கு இஎம்ஐ 4,100, எங்க வீட்டம்மா பேர்ல குழு லோன் பதினஞ்சு நாளைக்கு ஒருக்க 1,150. கையில 6,800 ரூபாயும் அம்மாவோட உண்டியல்ல கொஞ்சமும். ஆர்பிஐ மூணு மாசம் தவணை கட்ட வேண்டாம்னு மார்ச் 27 சொல்லுச்சு, அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நீட்டுனாங்க. நானும் விவரம் தெரியாம சந்தோஷப்பட்டேன். கட்ட வேண்டாம்னுதான் சொன்னாங்க, வட்டி ஓடாதுன்னு யாரும் சொல்லல. ஆறு தவணை கட்டாததுக்கு கடைசில எட்டரை தவணை கூடுதலா வந்து நின்னுச்சு.

குழு லோனுக்கு அந்த சலுகையும் ஒழுங்கா கெடைக்கல. மே மாசமே தவணை வாங்குறவர் பைக்க நிறுத்திட்டு வாசல்ல நின்னார். பேப்பர்ல வந்தத காட்டுனோம், "அதெல்லாம் பெரிய பேங்குக்குக்கா, நமக்கு இல்ல"ன்னார். நமக்கும்தான்னு அடிச்சுச் சொல்ற தைரியம் எனக்கு அன்னைக்கு இல்ல. குழுவுல பத்து பொம்பளைங்க, ஒருத்தி கட்டலன்னா மத்த ஒம்பது பேரும் சேந்து கட்டணும், அதனால அவரு சத்தம் போடவே வேண்டாம், பக்கத்து வீட்டு மதினி மூஞ்சிய பாத்தாலே நம்ம கை தன்னால டப்பாவுக்குள்ள போயிரும். அந்த ஏற்பாட்ட யோசிச்சவன் பெரிய கெட்டிக்காரன்தான்.

ஏப்ரல்ல ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி பருப்பு எண்ணெய் சீனியும் குடுத்தாங்க. வீட்டுக்கே வந்து டோக்கன் குடுத்தாங்க, இன்ன தேதி இன்ன நேரம்னு. சுண்ணாம்புல வட்டம் போட்டு ஆளுக்கு ஒரு வட்டத்துல நிக்கணும். எனக்கு ரெண்டு வட்டம் முன்னாடி கர்சீப்ப மூஞ்சில கட்டிக்கிட்டு நின்னது அந்த டியூஷன் மாஸ்டர். அவருக்கும் என்னத் தெரிஞ்சுருச்சு, எனக்கும் அவரத் தெரிஞ்சுருச்சு, ரெண்டு பேரும் மாஸ்க் போட்டிருக்கோம்ங்கிற தைரியத்துல தெரியாத மாதிரியே முக்கால் மணி நேரம் நின்னோம். எனக்கு தர வேண்டிய ரெண்டாயிரத்து ஐநூறு சொச்சத்த அவரு நெனச்சிருப்பார், நான் அவரு சீனி வாங்குறத பாத்துட்டேனேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த மாசக் கடைசிலதான் எங்க ஊரு கடலைமிட்டாய்க்கு புவிசார் குறியீடு கெடச்சுச்சு. வாட்ஸ்அப்புல ஒரே பெருமை. வாங்கிச் சாப்பிட பஸ்ஸும் இல்ல வெளியூர் ஆளும் இல்ல.

மே 11ல இருந்து 34 வகை கடைய திறக்கலாம்னு சொன்னப்பதான் ஷட்டர தூக்குனேன். 47 நாள் பூட்டிக் கெடந்த கடை. மொதல்ல மூக்குல ஏறுனது எலிப் புழுக்க நாத்தம். ஏ4 பண்டல்ல ஈரம் ஏறி பேப்பர் அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கு, மெஷின ஆன் பண்ணா சத்தமே இல்ல, பின்னாடி மூடிய கழட்டிப் பாத்தா ஒயர எலி கடிச்சு வச்சிருக்கு. மெக்கானிக் திருநெல்வேலில இருக்கார், ஒரு மணி நேரத் தூரம், ஆனா மாவட்டம் வேற, பாஸ் இல்லாம வர முடியாது. அவரு வீடியோ கால்ல "அந்த சிவப்ப இதுல குடுங்க, இல்லண்ணாச்சி, அது பிரவுனு"ன்னு சொல்லச் சொல்ல நானே முறுக்கி டேப் ஒட்டுனேன். ரெண்டு தடவ ஷாக் அடிச்சுச்சு. மூணாவது தடவ மெஷின் உறுமுச்சு பாருங்க, வீட்டுக்கு போன் போட்டு அந்த சத்தத்த கேக்க வச்சேன்.

ஆனா ஜெராக்ஸ் எடுக்க யாரும் வரல. ரெண்டாவது நாள் சாயங்காலம் ஒருத்தர் வந்து, "அண்ணாச்சி, இந்த இ-பாஸ் போடத் தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியாது. தெரியும்னு சொன்னேன்.

எங்க ஊரு இருக்கிற இடம் அப்படி. தெக்க கயத்தாறு தாண்டுனா திருநெல்வேலி மாவட்டம், வடக்க சாத்தூரு விருதுநகர் மாவட்டம், மேக்க திருவேங்கடம் சங்கரன்கோவில் எல்லாம் புதுசா பிரிச்ச தென்காசி மாவட்டம். பொண்ணு குடுத்தது ஒரு மாவட்டம், ஆஸ்பத்திரி ஒரு மாவட்டம், காடு ஒரு மாவட்டம்னு இருக்கிற சனம். போன் நம்பர் போட்டு ஓடிபி வாங்கி, பேரு, ஆதாரு, வண்டி நம்பர், எதுக்குப் போறீங்க, அதுக்கு ஆதாரம், எல்லாத்தையும் சின்ன சைஸ் ஃபைலாக்கி ஏத்தணும். பட்டன் போன் வச்சிருக்கிற ஆளு என்ன செய்வாரு? என்கிட்ட வந்தாங்க. ஒரு பாஸுக்கு 50 ரூபா வாங்குனேன், பிரிண்டோட. இதே வேலைக்கு 2,000, 3,000ன்னு வாங்கி மாட்டுன புரோக்கர்களப் பத்தி நியூஸ்ல பாத்தப்ப, நம்ம யோக்கியன்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நெட்டு என் போன்ல இருந்துதான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ஜூலைல மகளுக்கு ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சதும் பெரிய சிக்கல், போன் கடைல இருந்தா அவளுக்கு கிளாஸ் இல்ல, வீட்ல இருந்தா எனக்கு தொழில் இல்ல. கடைசில அவள கடைக்கே கூட்டிட்டு வந்து பேப்பர் பண்டல் மேல உக்கார வச்சேன். மிஸ் ஒரு பக்கம் அல்ஜீப்ரா நடத்துவாங்க, இந்தப் பக்கம் ஒருத்தர் "எங்க மச்சான் போய்ட்டாருண்ணாச்சி"ன்னு அழுதுக்கிட்டு நிப்பாரு, அவ மைக்க மியூட்டுல போடுவா. எட்டாங்கிளாஸ் பிள்ளை அந்த ரெண்டு மாசத்துல கேட்ட சாவு நான் என் வயசுக்கு கேட்டதில்ல.

ஜூன்ல மண்டலம் மண்டலமா பிரிச்சு நெல்லைக்கும் தென்காசிக்கும் பாஸ் வேண்டாம்னாங்க. ஊரே மூச்சு விட்டுச்சு. எனக்கு ஒரு நாளைக்கு 600, 700 வந்துக்கிட்டு இருந்தது 150க்கு வந்துருச்சு. ஜூன் 25ல இருந்து மறுபடியும் மாவட்டம் தாண்டுனா பாஸுன்னு அறிவிச்ச அன்னைக்கு நான் வீட்டுக்குப் போறப்ப அரைக் கிலோ கறி வாங்கிட்டுப் போனேன். இத எங்கயும் சொன்னதில்ல. அடுத்தவன் போக முடியாம நிக்கிறதுலதான் என் அடுப்பு எரியுதுன்னு தெரிஞ்சும் வாங்குனேன், நல்லா சாப்பிடவும் செஞ்சேன்.

அதே வாரம்தான் சாத்தான்குளம். எங்க மாவட்டந்தான். செல்போன் கடை வச்சிருந்த அப்பாவும் மகனும், கடைய நேரத்துக்கு அடைக்கலன்னு போலீஸ் கேஸு. அவங்கள கொண்டாந்து வச்சது எங்க ஊரு கிளை ஜெயில்ல, உயிரு போனது எங்க ஊரு ஆஸ்பத்திரில. அதுவரைக்கும் ஷட்டர பாதி இறக்கிட்டு உள்ள வேலை பாக்குறது எனக்கு ஒரு வெளையாட்டு மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் முன்னாடியே பூட்டுவேன், ஆளு நின்னாலும் சரி. எங்க அம்மா தெருமுக்குல வந்து நிப்பா. அப்பா வச்சுக் குடுத்த கடை இது, அதுவும் செல்போன் கடை மாதிரி சின்னக் கடைதான், வேற என்ன சொல்ல.

ஜூலைல ஒரு நாள் காலைல ஏழு மணிக்கு ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டார். தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துறவர், சொந்த ஊரு சங்கரன்கோவில் பக்கம், முப்பது நாப்பது கிலோமீட்டர்தான். விடியக்காலம் அம்மா இறந்துட்டாங்க. கடைய திறந்து உக்காந்தோம். சாவுன்னு போட்டா அதுக்கு ஆதாரம் கேக்குது. செத்து மூணு மணி நேரத்துல யாரு சர்டிபிகேட் குடுப்பா? தலையாரி ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்புல அனுப்புனாரு, அத ஏத்துனோம். பெண்டிங். பத்து மணி வரைக்கும் பெஞ்சுல உக்காந்து ஸ்கிரீனவே பாத்துக்கிட்டு இருந்தார், நான் ரீலோட் குடுத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் எந்திரிச்சு, "நான் காட்டு வழியா போறேன் அண்ணாச்சி"ன்னு டிவிஎஸ் 50ய எடுத்துட்டுப் போயிட்டார். பாஸ் அடுத்த நாள் மத்தியானம் வந்துச்சு.

நாலு நாள் கழிச்சு மொட்டத் தலையோட வந்தார். "வந்துச்சா?"ன்னார். வந்துச்சுன்னேன். "ஒரு பிரிண்ட் குடுங்க." எதுக்குன்னு கேக்கல, எடுத்துக் குடுத்தேன். நாலா மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டு 50 ரூபாய நீட்டுனார். வேண்டாம்னேன். கல்லா மேல வச்சுட்டுப் போயிட்டார்.

ஆகஸ்ட்ல தங்கம் பவுன் 43 ஆயிரத்தத் தாண்டுச்சு. ஊரடங்குக்கு முன்னாடி முப்பத்திரெண்டு பக்கம் இருந்தது. எங்க வீட்டம்மாவோட மூணு பவுன் செயின் ஜூன்லயே அடகுக்குப் போயிருந்துச்சு, வெல ஏறுனதும் அதத் திருப்பி அன்னைக்கே கூடுதல் தொகைக்கு மறு அடகு வச்சேன், மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் பேங்க் குடுக்கலாம்னு ஆர்பிஐயும் சொல்லியிருந்த நேரம். வரிசைல நிறைய பேரு அதுக்குத்தான் நின்னாங்க. தங்கம் ஏறுனா தங்கம் இருக்கிறவனுக்கு லாபம்னு சொல்வாங்க, எங்களுக்கு கெடச்ச லாபம் கூடக் கடன் வாங்க முடிஞ்சதுதான். ரெண்டு மாச கடை வாடகை பாக்கிய அதுலதான் அடச்சேன்.

ஆகஸ்ட் 17ல இருந்து அப்ளை பண்ண உடனே பாஸுன்னாங்க, செப்டம்பர் 1ல இருந்து பாஸே வேண்டாம்னாங்க. அன்னைக்கு பஸ்ஸு ஓடுச்சு, மாவட்டத்துக்குள்ள மட்டும், மாலை போட்டு எடுத்தாங்க. கடைல எனக்கு அன்னைக்கு மொத்தம் 70 ரூபா.

அந்த 60 செட்ட தீபாவளிக்கு முன்னாடி எடைக்குப் போட்டேன், கிலோ எட்டு ரூபான்னு தெருமுக்கு பட்டாணிக் கடைக்காரர் எடுத்துக்கிட்டார். அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஊர்ல யாரு கடலை வாங்குனாலும் பித்தாகரஸ் தேற்றத்துலதான் மடிச்சுக் குடுத்தார். என் மகளே ஒண்ண விரிச்சுப் படிச்சுட்டு, "அப்பா, இதுல ரெண்டாவது கேள்வி தப்பு"ன்னா.

2021 ஜனவரி 19 பத்தாவதும் பன்னெண்டாவதும் ஸ்கூல் திறந்தாங்க. பிப்ரவரில டியூஷன் மாஸ்டர் வந்தார், ஆளு எளச்சுப் போயிருந்தார், பழைய பாக்கில ஆயிரத்த மொதல்ல எடுத்து வச்சார். சிலபஸ் குறைச்சுட்டாங்க அண்ணாச்சி, புதுசா ஒரு 40 செட்டு போடணும்னார். நான் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கிட்டே, இந்த தடவ முழுப் பணமும் முன்னாடியே வேணும்னேன். குடுத்துட்டார். பிப்ரவரி 24 ராத்திரி கடைசி செட்ட ஸ்டேப்ளர் அடிச்சேன். 25ஆம் தேதி சட்டசபைல ஒம்பது, பத்து, பதினொண்ணு எல்லாரும் பரீட்சை இல்லாம பாஸுன்னு முதலமைச்சர் அறிவிச்சார்.

சாயங்காலம் பட்டாணிக் கடைக்காரர் வாசல்ல வந்து நின்னு ரேக்கையே பாத்தார். "என்ன அண்ணாச்சி, இந்த வருஷமும் பேப்பர் இருக்கும் போலயே?"